முப்பத்து நான்காம் படம்

ஓசூர் ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் தீர்த்தகிரிக்குப் பைத்தியம் என்று ஊரில் பாதிப் பேர் சொன்னார்கள். மீதிப் பேர், பைத்தியமெல்லாம் இல்லை, திமிர் என்றார்கள். கம்பவுண்டர் என்றால் மிக்சர் கலக்கினோமா, சாயங்காலம் வீடு வந்து சேர்ந்தோமா என்று இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் பெங்களூர் பஸ் ஏறி, பழைய புத்தகக் கடைகளில் தூசி குடித்து, கரையான் தின்றது போக மிச்சமிருக்கும் இங்கிலீஷ் புத்தகத்தைத் துப்பட்டியில் சுற்றி மார்போடு அணைத்துக்கொண்டு வருகிற மனுஷனை வேறு என்னவென்று சொல்வது? அதுவும் கதைப் புத்தகமா, சாமி புத்தகமா? ஒன்று, தோலுரித்த மனிதன் நிற்கிற வைத்தியப் புத்தகம். இல்லாவிட்டால், துணியில்லாமல் வெள்ளைக்காரிகள் படுத்திருக்கிற சித்திரப் புத்தகம். குடும்பம் நடத்துகிற வீட்டில் வைக்கிற பொருளா இது என்று பக்கத்து வீட்டு ஜோதியம்மாள் கேட்டதில் கொஞ்சம் நியாயம் இருக்கத்தான் செய்தது.

அவர் மனைவி சரோஜம்மாள் சண்டைக்குப் போகிற ரகம் இல்லை. கிண்டல் பண்ணுகிற ரகம்.

"எங்கூட்டுக்காரருக்கு ரெண்டு குடும்பம். ஒண்ணு நானு. இன்னொண்ணு அலமாரியில குடியிருக்குது. வேப்பல, கற்பூரம், வசம்பு எல்லாம் அதுக்குத்தான். எனக்கு ஒரு மொழம் பூ வாங்கியாரச் சொன்னா மறந்துருவாரு" என்பாள். சொல்லிவிட்டு, அந்த அலமாரியை அவளேதான் துடைத்து வைப்பாள்.

வேலையில் தீர்த்தகிரியைக் குறை சொல்ல முடியாது. டாக்டர் சீட்டைப் பார்த்து மருந்து கலக்குவார். ஒரு வேளைக்கு எவ்வளவு குடிக்க வேண்டும் என்று தெரிய, பல் பல்லாக வெட்டிய காகிதப் பட்டையைப் பாட்டிலின் முதுகில் ஒட்டிக் கொடுப்பார். நாள் முழுக்கக் கத்தரிக்கோலும் காகிதமும் பசையும்தான். அதனாலோ என்னவோ, புத்தகத்தின்மேல் கத்தி வைத்தவனை மட்டும் அவரால் பொறுக்கவே முடியாது. கரையானை மன்னிப்பார். மழையை மன்னிப்பார். படத்துக்கு ஆசைப்பட்டுப் பக்கத்தை வெட்டி எடுத்தவன் கிடைத்தால் அவனுக்கு விளக்கெண்ணெயை அளவில்லாமல் ஊற்றிவிடுவதாக ஆஸ்பத்திரியில் பலமுறை சொல்லியிருக்கிறார்.

வாங்கிவந்த புத்தகத்தை உடனே புரட்ட மாட்டார். மூலிகை காயப்போடுகிற மாதிரி நிழலில் விரித்து வைத்து, நாலு நாள் காற்று வாங்கவிட்டு, பிறகுதான் மடியில் எடுப்பார். இங்கிலீஷ் அவருக்கு மருந்துச் சீட்டு அளவுக்குத்தான் வரும். அதைத் தாண்டினால் எழுத்துக் கூட்டிப் படிக்க வேண்டும். அதற்காக அவர் கவலைப்பட்டதே இல்லை. படம் இருக்கிறதே, அது போதும்.

பனி இறங்கி ஜன்னலுக்கு வெளியே தெருவே மறைந்துபோகிற மாலைகளில் அவர் அந்தப் படங்களுக்குள் நடக்க ஆரம்பிப்பார். குதிரை வைத்தியப் புத்தகம் ஒன்று வைத்திருந்தார். அதில் ஒரு சிவப்புக் குதிரை, உடம்பிலுள்ள ஒவ்வொரு தசையிலும் ஒரு எண்ணைச் சுமந்துகொண்டு, அதைப் பற்றி ஒன்றும் தெரியாததுபோல் புல்லை முகர்ந்துகொண்டு நிற்கும். மூலிகைப் புத்தகத்தில் யாரோ ஒரு வெள்ளைக்காரன் வரைந்த நம்மூர் ஆடாதோடை, நூற்றைம்பது வருஷமாகப் பச்சை மாறாமல் இருந்தது. சித்திரக்காரர்கள் எலும்பு படிப்பதற்கென்று போட்ட புத்தகத்தில், ஒரு எலும்புக்கூடு பாறைமேல் உட்கார்ந்து தூரத்து ஊரைப் பார்த்துக்கொண்டிருக்கும். அந்த ஊர் எது, அதில் அதற்கு யார் இருக்கிறார்கள் என்று தீர்த்தகிரி யோசித்துக்கொண்டே இருப்பார். ஜன்னலோரம் நின்று பழம் நறுக்குகிற ஒரு பெண்ணும் உண்டு. அவள் எப்போது தலைநிமிர்வாள் என்று பார்த்துக்கொண்டிருந்ததில் ஒருநாள் சோறு ஆறிப்போய், சரோஜம்மாள் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அவருக்கு அது தெரியவும் இல்லை.

இவ்வளவும் சில்லறை. அலமாரியின் அடித்தட்டில், தனியாக, வெள்ளைத் துணி போர்த்தி வைத்திருந்த பெரிய புத்தகம்தான் அவருடைய உயிர்.

அது கிடைத்தது நாற்பத்தெட்டில். மத்திகிரியில் ஒரு பழைய வெள்ளைக்காரர் பங்களாவைக் காலி பண்ணிச் சாமான்களை ஏலம் போட்டார்கள். கட்டில், நாற்காலி, மான் கொம்பு எல்லாம் போன பிறகு ஒரு மூங்கில் பெட்டி மிஞ்சியது. புளி மண்டிக்காரர் ஒருவர் உள்ளே இருந்த புத்தகத்தைத் தடவிப் பார்த்து, காகிதம் நல்ல கனம், பொட்டலம் கட்ட ஆகும் என்றார். தீர்த்தகிரி கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் போனார். கையில் கட்டியிருந்த கடிகாரத்தைக் கழற்றி ஏலக்காரர் கையில் வைத்துவிட்டுப் பெட்டியைத் தலையில் தூக்கிக்கொண்டு நடந்தார்.

விரித்தால் தலைவாழை இலை அகலம். மனித உடம்பு முழுவதும், நாற்பது படங்களில். செப்புத் தகட்டில் கீறி அச்சடித்தவை. ஆயிரத்து எழுநூற்றுச் சொச்சத்தில் போட்டது. கீறியவன் எவனோ மகாராசன். ஒரு கையை வரைந்திருந்தான் என்றால், அந்த நகத்தின் ஓரத்தில் ஒட்டியிருந்த அழுக்கு வரை தெரிந்தது. ஒரு கிழவரின் தலையைப் போட்டிருந்தான். அவர் கடைசியாக யார்மேலோ கோபப்பட்டது நெற்றியில் அப்படியே நின்றது. படங்களுக்கு ரோமன் எண் போட்டிருந்தது. சீட்டில் மருந்து அளவு பார்த்துப் பழகிய தீர்த்தகிரிக்கு அது தண்ணீர் பட்ட பாடு. முப்பத்து ஒன்று, முப்பத்து இரண்டு, முப்பத்து மூன்று என்று எண்ணிக்கொண்டே புரட்டினார். அடுத்த படம் முப்பத்து ஐந்து.

நடுவில் விரல் அகலத்துக்கு ஒரு காகிதத் துண்டு மட்டும் தையலில் ஒட்டிக்கொண்டிருந்தது. கத்தி வைத்து வெட்டியிருந்தார்கள். வெட்டியவன் கை ஓரிடத்தில் வழுக்கி, அங்கே ஒரு சின்னப் பல் மாதிரி பிசிறு நின்றது. புத்தகத்தின் முன்பக்க அட்டவணையில் முப்பத்து நான்குக்கு எதிரே என்ன எழுதியிருக்கிறது என்று எழுத்துக் கூட்டிப் படித்தார். நிறைமாதக் கர்ப்பம்; உள்ளே குழந்தை இருக்கும் நிலை.

நாற்பது படத்தில் ஒன்றே ஒன்று போனது, போனதும் அதுதானா? புத்தகத்தை மூடிவிட்டு, சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். எதற்கு அழுகிறார் என்று சரோஜம்மாளுக்குப் புரியவில்லை. கடிகாரம் போன துக்கம் என்று நினைத்துக்கொண்டாள்.

பாப்பம்மாவைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும். அவள் தீர்த்தகிரியின் முதல் மனைவி. பாகலூர்க்காரி. தமிழில் ஆரம்பித்துத் தெலுங்கில் திட்டிக் கன்னடத்தில் சிரிக்கிற பெண். கல்யாணமாகி இரண்டாம் வருஷம், தலைப் பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்குப் போனாள். வலி கண்டுவிட்டது என்று ஆள் வந்ததும், தீர்த்தகிரி சைக்கிளை மிதித்துக்கொண்டு பாகலூர் போய்ச் சேர்ந்தார். அப்போது அவருக்கு இருபத்து மூன்று வயது. கம்பவுண்டர் ஆகி இரண்டு வருஷம். ஆம்பிளை உள்ளே போகக் கூடாது. மாட்டுக் கொட்டகை ஓரம் நின்றார். விடிகிற நேரத்தில் மருத்துவச்சி வெளியே வந்து, "கால்தான் வருது" என்று யாரிடமோ சொல்லிவிட்டு மறுபடி உள்ளே போய்விட்டாள்.

அவருக்கு அது என்ன என்று விளங்கவில்லை. மலேரியாவுக்குக் கொய்னா எத்தனை கிரெயின் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வார். கால் வந்தால் என்ன, தலை வந்தால் என்ன, அந்தக் கதவுக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறது, ஒன்றும் தெரியவில்லை. உச்சி வேளைக்குள் இரண்டு உயிரும் போய்விட்டது. பாப்பம்மாவைக் காட்டினார்கள். குழந்தையைத் தகப்பன் பார்க்கக் கூடாது என்று பெரியவர்கள் தடுத்து, துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். ஆணா, பெண்ணா என்று கேட்கக்கூட அவருக்கு வாய் வரவில்லை.

மூன்று வருஷம் கழித்துச் சரோஜம்மாளைக் கட்டினார். இரண்டு பெண்கள் பிறந்தார்கள். இரண்டு பிரசவமும் ஆஸ்பத்திரியில்தான். இரண்டு தடவையும் அவர் அன்று கலக்கிய மருந்தை எல்லாம் கொட்டிவிட்டுப் புதிதாகக் கலக்கும்படி டாக்டர் சொன்னார். அவ்வளவு நடுக்கம் கையில். பாப்பம்மா பெயரை அவர் வீட்டில் ஒருநாளும் சொன்னதில்லை. அந்தக் குழந்தை உள்ளே எப்படி இருந்தது என்ற கேள்வி மட்டும் போகவில்லை. டாக்டரைக் கேட்டிருக்கலாமே என்பீர்கள். டாக்டரின் புதுப் புத்தகத்தில் அந்தப் படம் இருக்கத்தான் இருந்தது. கோடும் அம்புக்குறியுமாக, கிணற்றில் மோட்டார் இறக்குகிற படம் மாதிரி. அதில் குழந்தை இல்லை. நகத்து அழுக்கைக்கூட விடாமல் கீறிய அந்த மகாராசன் வரைந்திருந்தால் முகம் தெரிந்திருக்கும். தீர்த்தகிரிக்கு வேண்டியது அந்த முகம்.

எட்டு வருஷம் தேடினார். பெங்களூர் கடைகளில் கிழிந்த படங்களை அடுக்கி விற்பார்கள். ஒன்று விடாமல் புரட்டினார். கிருஷ்ணகிரிச் சந்தையில் கண்ணாடிச் சட்டம் போடுகிறவர்களிடம் சொல்லி வைத்தார். வெட்டுப்பட்ட இடத்துக்குப் பக்கத்தில் பெங்களூர் பைண்டரை விட்டு ஒரு வெள்ளைத் தாளைச் சேர்த்துத் தைத்து வைத்தார், படம் கிடைத்ததும் அதில் ஒட்டிவிடலாம் என்று. வெள்ளைத் தாளைப் பார்க்கும்போதெல்லாம் வெட்டியவனைச் சபிப்பார். அந்தக் கை விளங்காமல் போகட்டும் என்பார். பிசிறு நின்ற இடத்தைக் கட்டைவிரலால் தடவித் தடவி, அதன் வடிவம் அவர் விரலுக்கே பாடமாகிவிட்டது.

ஐம்பத்தாறு கார்த்திகையில் ஒருநாள், ஜவளகிரிக் காட்டு கார்டு ராமப்பன் தோளில் கட்டு மாற்ற வந்தான். கரடி கீறிய காயம். கையில் ஒரு பொட்டலம் சர்க்கரை. ஒரு மாதம் முன்பு அதே ஆஸ்பத்திரியில் அவனுக்கு மகன் பிறந்திருந்தான்.

"எட்டாம் மாசமே எங்கூரு மருத்துவச்சி நாராயணம்மா தொட்டுப் பாத்துட்டு, இது எங்கையில ஆவாது, கொழந்த திரும்பி உக்காந்திருக்குது, ஓசூருக்குக் கூட்டிகினு போன்னு சொல்லிருச்சிங்க. இல்லன்னா அவ்ளோதான். எல்லாம் புள்ளத்தாச்சியம்மா புண்ணியம்" என்றான் ராமப்பன்.

ஜவளகிரிப் பக்கத்துப் பெண்கள் மட்டும் இப்படி முன்கூட்டியே வந்துவிடுவதைத் தீர்த்தகிரி முன்பே கவனித்திருக்கிறார். மற்ற ஊர்களிலிருந்து கால் வெளியே வந்த பிறகுதான் வண்டி கட்டிக்கொண்டு வருவார்கள். அவுன்ஸ் கிளாசில் மருந்தை ஊற்றிக்கொண்டே, "அது எந்தக் கோயில் அம்மன்?" என்று கேட்டார்.

"கோயிலெல்லாம் இல்லீங்க. படம். நாராயணம்மா ஊட்டுல மாட்டியிருக்குது. வெள்ளக்காரன் போட்ட படமாட்டம் இருக்கும். வயித்தத் தெறந்து உள்ள கொழந்தையக் காட்டும். நெறமாசக்காரிங்க போயி மஞ்சக் கயிறு கட்டிகினு வருவாங்க."

பதினேழு வருஷ உத்தியோகத்தில் முதல் தடவையாக மருந்து கிளாசை நிரப்பி, மேஜையில் வழிந்து, தரையில் சொட்டியது. தீர்த்தகிரி பார்த்துக்கொண்டே நின்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெங்களூர் பஸ் ஏறவில்லை. பெரிய புத்தகத்தைத் துப்பட்டியில் சுற்றித் தளி பஸ் ஏறினார். "இன்னிக்கு ரெண்டாவது குடும்பத்தயே கூட்டிகினு கெளம்பிட்டீங்களா?" என்று சரோஜம்மாள் கேட்டாள். அவர் சிரிக்கவில்லை.

தளியிலிருந்து மாட்டு வண்டி. ராமப்பன் ஓட்டினான். பனி இன்னும் விலகவில்லை. ராகி அறுப்பு நடந்துகொண்டிருந்தது. யானைக்குக் காவல் இருந்த பரண்களில் ஆளில்லை. புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு தீர்த்தகிரி அரைக் கண் மூடியிருந்தார். வண்டியோடு கூடவே யாரோ நடந்து வருவதுபோல் இருந்தது. பார்த்தால், எண்களைச் சுமந்த சிவப்புக் குதிரை. அதன் பின்னால் பாறையைவிட்டு எழுந்து வந்த எலும்புக்கூடு, ஊருக்குப் போகிற சந்தோஷத்தில் கை வீசிக்கொண்டு. பழம் நறுக்கிய பெண் கத்தியைப் போட்டுவிட்டுப் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வரப்பில் வந்தாள். எல்லோரும் ஒரே வீட்டுக் கல்யாணத்துக்குப் போகிறவர்களாட்டம் பேசிக்கொண்டு வந்தார்கள். பாகலூர்ப் பக்கத்துக் கன்னடத்தில் ஒரு சிரிப்புச் சத்தமும் கேட்டது. திரும்பிப் பார்க்கப் பயமாக இருந்தது. திரும்பாமலே ஜவளகிரி வரை போனார்.

நாராயணம்மாவுக்கு அறுபது வயதுக்குமேல் இருக்கும். தாட்டியான உடம்பு, பெரிய கைகள். கம்பவுண்டர் என்று ராமப்பன் சொல்லியும், "வாங்க டாக்டரய்யா" என்றாள். மருந்து கொடுக்கிறவர் டாக்டர்தான், அவள் கணக்கில். தீர்த்தகிரி குனிந்து உள்ளே போனார். ராகி மூட்டைகள் அடுக்கியிருந்த சுவருக்கு எதிரே, சாமந்தி மாலை போட்டு, கண்ணாடிச் சட்டத்துக்குள் அது மாட்டியிருந்தது.

அதே காகிதம். அதே கீறல். ஆனால் ஏதோ சரியில்லை. ஒரு நிமிஷம் கழித்துத்தான் பிடிபட்டது. அடியில் இருக்க வேண்டிய எழுத்துகள் மேலே இருந்தன, தலைகீழாக. முப்பத்து நான்கு என்ற எண் கவிழ்ந்து கிடந்தது. படத்தையே தலைகீழாக மாட்டியிருந்தார்கள். அதனால் குழந்தையின் தலை மேலே இருந்தது. கால்களை மடக்கி, ஒரு கையைக் கன்னத்தில் வைத்து, கண்ணை மூடி அது உட்கார்ந்திருந்தது. காது கொஞ்சம் பெரிசு. கண்ணாடியின்மேல், நெற்றி இருக்கிற இடத்தில், குங்குமம்.

தீர்த்தகிரி தரையில் உட்கார்ந்தார். பஸ்ஸில் வரும்போதே சொல்ல வேண்டியதை எல்லாம் ஒத்திகை பார்த்து வைத்திருந்தார், அதைப் பிடித்துக்கொண்டார். துப்பட்டியைப் பிரித்து, புத்தகத்தை விரித்து, வெட்டுப்பட்ட இடத்தைக் காட்டினார்.

"இந்தப் படம் இந்தப் புஸ்தகத்துல இருந்தது அம்மா. எவனோ கத்தி வெச்சி வெட்டிட்டான். பிரிஞ்சது ஒண்ணு சேரணும், இல்லீங்களா?"

நாராயணம்மா புத்தகத்தையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். "சேரணும்தான். அதுல ஒண்ணும் தப்பில்ல" என்றாள். "புஸ்தகத்த இங்கியே வெச்சிட்டுப் போயிருங்க."

ராமப்பன் சிரிப்பை அடக்கக் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"அப்பறம், எவனோ வெட்டல" என்றாள் அவள். "டாக்டர் தொரதான் வெட்டுனாரு. எங்கம்மா மத்திகிரியில அவரு பங்களாவுல ஆயாவா இருந்தாங்க. எங்க பக்கத்துல அப்ப வருசத்துக்கு நாலு அஞ்சு பொம்பளைங்க செத்துருவாங்க. எங்கம்மா ஊருக்கு வந்துட்டுப் போறப்பல்லாம் அழுதுகினே போவாங்களாம். ஒருநாளு தொர இத வெட்டி, எங்கம்மா கையில குடுத்தாரு. பிள்ளத்தாச்சி வயித்துல கைய வெச்சிப் பாரு, தல கீழ இருந்தா நீயே பாத்துக்கோ. அப்பறம் படத்த இப்பிடித் திருப்பிக் காட்டி, தல மேல இருந்தா கை வெக்காத, எனக்கு ஆள் அனுப்புன்னு சொன்னாரு. வெட்டறப்ப அவருக்குக் கை நடுங்குச்சின்னு எங்கம்மா சொல்வாங்க. ஆசையா வெச்சிருந்த புஸ்தகம் போல. நானும் இதுலதான் கத்துகினேன். இப்ப எம்மருமவளும் இதுலதான் பாக்கறா."

எட்டு வருஷமாக விளங்காமல் போகட்டும் என்று சபித்த கை. தீர்த்தகிரிக்கு வெட்கமாக இருந்தது. கட்டைவிரல் தானாகப் போய் அந்தப் பிசிறைத் தடவியது. நடுங்கிய கை அப்படித்தான் வெட்டும். அவருக்கே அது தெரிந்திருக்க வேண்டும்.

"அப்பிடின்னா ஏம்மா தலகீழா மாட்டி வெச்சிருக்கீங்க? எழுத்தெல்லாம் கவுந்து கெடக்குதே" என்றார்.

"எழுத்து கெடக்குது. கும்பிடற கொழந்தைய யாராச்சும் தலகீழா தொங்க வுடுவாங்களா? வர்ற பொண்ணுங்க பாத்துப் பயந்துகினாங்க. நாந்தான் திருப்பி மாட்டுனேன்."

"தல மேல இருந்தா கால் மொதல்ல வரும். உங்களுக்குத் தெரியாததா?"

அவள் சிரித்தாள். "எனக்கா தெரியாது? பொறக்கற கொழந்தைக்குத்தான் டாக்டரய்யா தல கீழ வரணும். இது பொறக்கப் போறதில்ல. இங்கியே உக்காந்திருக்கும். உக்காந்திருக்கற கொழந்தைக்குத் தல மேலதான இருக்கணும்?"

அவள் ஒரு சொம்பு மோர் கொண்டுவந்து வைத்தாள். வந்தவர்களிடம் எல்லோரும் கேட்கிற கேள்வியைத்தான் கேட்டாள்.

"உங்களுக்கு எத்தன கொழந்தைங்க?"

இந்தக் கேள்விக்கு அவர் எத்தனையோ பேரிடம் இரண்டு என்று சொல்லியிருக்கிறார். அன்றைக்கு அந்தப் படத்துக்கு முன்னால் அது வரவில்லை.

"மூணு" என்றார்.

"எல்லாம் சொகமா?"

"ரெண்டு சொகம். மூத்தது... கால் வந்துருச்சி. தாயும் போயிட்டா. கொழந்தைய எனக்குக் காட்டல."

"பையனா, பொண்ணா?"

"தெரியாதுங்க அம்மா."

அவர் அழுதார். பதினைந்து வருஷத்து அழுகை. அதை அடக்க அவர் முயலவும் இல்லை. ராமப்பன் மெதுவாக வெளியே போய் மாட்டுக்குப் புல் போட்டான். நாராயணம்மா எழுந்துபோய்ப் படத்தைக் கழற்றினாள். மாலையை எடுத்துவிட்டு, முந்தானையால் கண்ணாடியைத் துடைத்து, இரண்டு கையாலும் அவரிடம் நீட்டினாள்.

"எடுத்துகினு போங்க. எனக்கு இது மனப்பாடம். மருமவளுக்கு எங்கைய வெச்சே சொல்லிக் குடுத்துக்கறேன்."

வாங்கினார். புத்தகத்தில் வெட்டுப்பட்ட இடத்துக்கு நேராக வைத்துப் பார்த்தார். பிசிறுக்குப் பிசிறு பொருந்த வேண்டுமானால் படத்தைத் திருப்ப வேண்டும். திருப்பினார். பொருந்தியது. எழுத்து நேராக நின்றது, முப்பத்து மூன்றுக்கும் முப்பத்து ஐந்துக்கும் நடுவில் முப்பத்து நான்கு வந்து உட்கார்ந்தது. குழந்தை தலைகீழானது. அழகான படம். நிறைமாதம், நல்ல நிலை, தலை கீழே. இன்னும் கொஞ்ச நேரத்தில் பிறந்து வீல் என்று கத்தப் போகிற குழந்தை. வேறு யார் வீட்டுக் குழந்தையோ.

சட்டத்தை மறுபடி திருப்பினார். தலை மேலே வந்தது. கன்னத்தில் கை, பெரிய காது, பாகலூர்க் கதவுக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த அவருடைய குழந்தை. புத்தகத்தில் வைத்தால் இதைப் பார்க்க முடியாது. நாற்பது படமும் முழுசாகும், இந்த ஒன்று போய்விடும். மோர் அப்படியே இருந்தது. அவர் எவ்வளவு நேரம் அப்படி உட்கார்ந்திருந்தார் என்று யாரும் பார்க்கவில்லை. நாராயணம்மா ராகி புடைக்கப் போய்விட்டாள்.

அவள் திரும்பி வந்தபோது படம் சுவரில் இருந்தது. எழுத்து கவிழ்ந்து, தலை மேலாக, அவள் மாட்டியிருந்தபடியே மாட்டியிருந்தார். மாலையையும் போட்டிருந்தார். பழக்கமில்லாத கை, மாலை ஒரு பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது. நாராயணம்மா அதைச் சரிபண்ணினாள்.

வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. தீர்த்தகிரி அலமாரிக்கு முன்னால் உட்கார்ந்து, பெரிய புத்தகத்தை விரித்து, பைண்டர் தைத்துக் கொடுத்த வெள்ளைத் தாளில் எழுத ஆரம்பித்தார். சரோஜம்மாள் வந்து தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். எட்டு வருஷமாகக் காலியாக இருந்த அந்தத் தாளில், பாட்டிலில் ஒட்டும் சீட்டில் எழுதுகிற அதே உருண்டை எழுத்தில் எழுதியிருந்தது:

முப்பத்து நான்காம் படம் ஜவளகிரியில், நாராயணம்மா வீட்டில் இருக்கிறது. உட்கார்ந்திருக்கிறது.

"யாரு உக்காந்திருக்கறது?" என்று கேட்டாள்.

அவர் பாப்பம்மாவிடமிருந்து ஆரம்பித்தார். சைக்கிள், மாட்டுக் கொட்டகை, கால், துணி, எல்லாவற்றையும் சொன்னார். சொல்லி முடித்ததும் சரோஜம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அந்தத் தாளின் மை காயட்டும் என்று கொஞ்ச நேரம் ஊதிக்கொண்டிருந்தாள்.

"அடுத்த ஞாயித்துக்கெழம நானும் வரேன்" என்றாள். "பொண்ணுங்களயும் கூட்டிகினு போலாம். மூத்ததப் பாக்க வெறுங்கையோட போவக் கூடாது. ஏதாச்சும் வாங்கிகினு போவணும்."